எனக்கு முன்னால் கிளம்பிய பை

திசை தெரியாமல் கெட்டவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். திசை தெரிந்து கெட்டவன், எனக்குத் தெரிந்து, ஆம்பூரில் நான் ஒருவன்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பூமியின் தென்கோடியில், பனியைத் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜெனரேட்டர் பார்க்கும் வேலையாகக் கிளம்பிய நான், வியாழக்கிழமை தெற்கே சூலம் என்று பயந்தேன். படித்தவன்தான். பாய்லருக்குச் சான்றிதழ்கூட வைத்திருக்கிறேன். சூலத்தை நம்புகிறாயா என்று கேட்டால் சிரிப்பேன். (சிரித்துவிட்டு, அன்றைக்குக் கிளம்ப மாட்டேன்.)

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் பல வருடமாகப் பழைய ஜெனரேட்டர், பாய்லர் பராமரிப்பு வேலையில் இருந்தேன். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, அண்டார்டிகாவில் ஒரு கோடைக்காலப் பணிக்குத் தேர்வாகிவிட்டேன். அங்கே கோடை என்றால் இங்கே மார்கழி. அந்தக் கோடையிலும் பனி உருகாது. சூரியன் மறையாது. கம்பளி உள்ளாடை கட்டாயம். வெயிலுக்குப் பூசும் களிம்பும் கட்டாயம்.

"ஏங்க, நீங்க போறது குளுருக்கா, வெயிலுக்கா?" என்றாள் என் மனைவி சுமதி.

"ரெண்டுக்கும்."

"அப்ப ராத்திரிக்குப் போட்டுக்க எத்தினி லுங்கி வெக்கறது?"

"ராத்திரியே கெடையாதாம்."

அவள் லுங்கியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பையில் நாலு லுங்கி ஏறியது.

அண்டார்டிகாவுக்கு ஆள் எடுத்த அலுவலகத்தின் அறிவுரையில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. மண், விதை, இறகு, முடி, பதப்படுத்தாத தோல் எதுவும் வரக்கூடாது. வெளியுலக உயிர் எதுவும் அந்தக் கண்டத்தில் கால் வைக்கக்கூடாது. சோதனையில் அகப்பட்டால் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு இடம் போய்விடும். இந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சுமதி போட்ட மாங்காய் ஊறுகாயில் கடுகு இருந்தது. கடுகு விதைதானே?

"எண்ணெயில பொரிஞ்ச கடுகு எப்டிங்க மொளைக்கும்?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். அதிகாரிக்குத் தெரியணுமே."

ஊறுகாயை டீ வடிகட்டியில் ஊற்றி, மிச்சத்தை ஊக்கால் குத்தி எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருவரும் கடுகு பொறுக்கினோம். கல்யாணமாகி அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இப்படி விதை விஷயத்தில் விழிப்பாக இருந்த நேரத்தில்தான் குடியாத்தத்திலிருந்து மாமனார் வந்து இறங்கினார்.

மாமனாருக்கு லுங்கித் தறிகள் ஓடுகின்றன. தறியில் பாவு ஏற்றக்கூடப் பஞ்சாங்கம் பார்ப்பவர்.

"எந்தத் திசை மாப்ளே?"

"ரயில்ல சென்னை மாமா, அது கெழக்கு. ப்ளேன்ல மும்பை, அது வடமேற்கு. அங்கேர்ந்து தென்னாப்பிரிக்கா. அதுக்கப்புறம் தெற்கு, தெற்கு, தெற்கு."

"கடைசியா எங்க எறங்குறீங்களோ அதான் திசை. கெழம?"

"வியாழன்."

அவர் பஞ்சாங்கத்தை மூடினார். வீட்டில் யாரோ இறந்ததுபோல இருந்தது.

"வியாழக்கெழம சூலத்துக்குத் தைலம் பரிகாரம்னு சொல்வாங்களே மாமா?"

"அது ஆலங்காயம் வரைக்கும் போறவனுக்கு. நீங்க போற தூரத்துக்குத் தைலம் டேங்கர்ல வரணும்."

டிக்கெட்டை மாற்ற முடியாது. அதனால் பரஸ்தானம் வைக்க முடிவாயிற்று. நாள் சரியில்லாத நாளில் பயணம் போக நேர்ந்தால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையைப் போகும் திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு நாம் எப்போது போய் எடுத்துக்கொண்டாலும் சூலம் குத்தாது. ஒரே நிபந்தனை: போன பை மறுபடி வீட்டுக்குள் வரக்கூடாது.

என் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து மாமனார் வாசலில் நின்று சுற்றினார். எங்கள் வீட்டுக்கு நேர் தெற்கே இருந்தது என் தோஸ்த் பஷீரின் வீடு. திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குப் போன நேரத்தில், பை ஆட்டோவில் ஏறித் தெற்கு நோக்கிப் பயணமானது.

வியாழக்கிழமை ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பஷீர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"பை இங்க இல்லப்பா, குடோன்ல கீது" என்றான்.

பஷீரின் குடோன் என்றால் பச்சைத் தோல் குடோன். உரித்த ஆட்டுத் தோல்களை உப்புப் போட்டு, முடியோடு, கூரை வரை அடுக்கி வைத்திருக்கும் இடம்.

"அங்க ஏன்டா வெச்ச?"

"வீட்ல தங்கச்சி புள்ளைங்க வந்திருக்குது, பிரிச்சு மேஞ்சிடும். குடோன்தான் சேஃப்டி. திருடன்கூட உள்ள வர மாட்டான்."

தோல் அடுக்கின் உச்சியில் என் பை மகாராஜாவைப் போல உட்கார்ந்திருந்தது. கான்வாஸ் பை, ஓரமெல்லாம் வெல்க்ரோ பட்டை. அந்தத் தடித்த எழுத்து வரி எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதே! கீழே இறக்கித் தட்டினோம். உப்பு கொட்டியது. இருவரும் மாறி மாறி முகர்ந்து பார்த்தோம்.

"வாசன ஒண்ணும் இல்லியே" என்றான் பஷீர்.

"இல்லியே" என்றேன்.

தோல் தொழிலில் ஆயுளைக் கழித்த இரண்டு மூக்குகள் கூடி எடுத்த முடிவு அது. ரயிலில் உட்கார்ந்தேன். வாணியம்பாடியிலிருந்து உட்கார்ந்து வந்த குடும்பம் எழுந்து வேறு பெட்டிக்குப் போயிற்று. எதிரே இருந்தவர் வாசற்படியில் நிற்கப் போனார். அரக்கோணம் தாண்டும்போது நான் காலை நீட்டிப் படுத்திருந்தேன். பரஸ்தானம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மும்பையில் அந்த அலுவலகத்தின் கிடங்கில் சோதனை. கையில் வாக்குவம் கிளீனரும் சாமணமுமாக நின்ற அதிகாரி திருநெல்வேலிப் பெண். தமிழ் என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. பையைத் திறக்கப் போனவள் இரண்டடி பின்வாங்கினாள்.

"சார், உள்ள ஆடு எதுவும் இருக்கா?"

"ச்சே, இல்லம்மா."

வெல்க்ரோ பட்டையிலிருந்து சாமணத்தால் ஒரு கற்றை முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "அப்ப இது யாரோடது?"

"ஆட்டோடதுதான். ஆனா ஆடு உள்ள இல்ல."

"ஒரு ஆடா சார்? கறுப்பு இருக்கு, வெள்ள இருக்கு, செவல இருக்கு..."

எனக்குப் பின்னால் காத்திருப்புப் பட்டியல்காரர், ராஜஸ்தான் மெக்கானிக், தன் சுத்தமான பெட்டியின்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முடியைப் பார்த்ததும் ஷூ லேசை இறுக்கிக் கட்டிக்கொண்டார். குழுத்தலைவர் வந்தார். பனிப்பாறைகளைப் படித்த விஞ்ஞானி. பை தோல் குடோனில் இருந்ததை ஒப்புக்கொண்டேன். துருவத்துக்குப் போகும் பை ஏன் தோல் குடோனில் இருந்தது என்று கேட்டார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சூலம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பை மறைக்க முகமூடியை மேலே இழுத்துக்கொண்டாள்.

"அத நீங்களே சொல்லுங்க சார்."

வியாழக்கிழமைகளில் தெற்கே ஒரு சூலம் இருக்கிறது என்று என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வரைபடத்தை எடுத்துவந்து, எந்த இடத்தில் என்று கேட்டார்.

ராஜஸ்தான்காரர் எழுந்தே நின்றுவிட்டார். கடைசியில் தலைவர், அங்கே இருப்பது பழைய ஜெனரேட்டர், அதில் பழகிய கை வேண்டும் என்றார். ஆள் போகலாம், குளித்துவிட்டு. பை போகக்கூடாது, பைக்குள் இருக்கும் துணியும் போகக்கூடாது. ஒன்றே ஒன்று தேறியது: துடைத்தெடுத்த ஊறுகாய் பாட்டில். அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "ஒரு கடுகுகூட இல்லையே, ரொம்பக் கவனமான ஆளு சார் நீங்க" என்றாள்.

ஆக, குளிருடை அலுவலகத்துடையது, உள்ளே போட்டதெல்லாம் மற்றவர்களுடையது என்று அந்த சீசன் முழுவதையும் கழித்தேன். சமையற்காரரின் பனியன், டாக்டரின் பைஜாமா. ஜெனரேட்டர் ஒரு நாளும் நிற்கவில்லை. பென்குவினோடு ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டேன். பையோ, நான் பனியில் கால் வைப்பதற்கு முன்பே, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் பார்சலாக ஆம்பூர் போய்ச் சேர்ந்திருந்தது.

திரும்பி வந்ததும் மாலை போட்டார்கள். கூடத்தில் சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார, கதையை ஆரம்பித்தேன். மாமனார் பரண்மேல் கிடந்த பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பை எங்க போச்சோ அங்கதான் ஆளு போனதா கணக்கு மாப்ளே. பை மும்பையோட திரும்பிடுச்சு" என்றார்.

வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர், கூடத்தில் மாட்டியிருந்த அந்த பென்குவின் படத்தை வியந்து பார்த்து, எங்கே எடுத்தது என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள், என் மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அதுவா அங்கிள், அப்பா மும்பைக்குப் போனப்ப எடுத்தது."