மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ஒரே சாமான்

"இது இதுக்குள்ள போகாது ஐயா," என்றான் சதீஸ்.

அப்புத்துரை கதிரையின் நுனிக்கு வந்தார். "வடிவாத் தள்ளிப் பாரும் தம்பி. புதுச் சாமான், முதல்ல இறுக்கமாத்தான் இருக்கும்."

"தள்ளுறதுக்கு வாய் இருந்தால்தானே தள்ளலாம்? இந்த மதர்போர்ட்டில கேம் கார்ட் செருகிற இடமே இல்லை. மற்ற எல்லாத்துக்கும் இருக்கு. இதுக்கு மட்டும் இல்லை."

வவுனியா பசார் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்தது சதீஸின் கொம்பியூட்டர் கடை. கீழே கொத்துரொட்டி அடிக்கும் ஒவ்வொரு தட்டும் அப்புத்துரையின் நெஞ்சில் விழுந்தது. கலியாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

"என்ன கார்ட் எண்டனீர்?"

"கேம் கார்ட். கேம் அடிக்கிற ஆக்கள் போடுறது. இது முழுக்க கேம் அடிக்கிற மெசின் ஐயா. இந்தச் சாமான் துண்டை எழுதினவர் விசயம் தெரிஞ்ச ஆள். வவுனியாவில இப்பிடி ஒரு துண்டு எழுதக்கூடியவை மூண்டு பேர் இருந்தால் பெரிய விசயம்."

அந்த மூவரில் ஒருவர் தன் வருங்கால மருமகன் என்பதில் பெருமைப்படுவதா, பயப்படுவதா என்று அப்புத்துரைக்கு உடனே தீர்மானிக்க முடியவில்லை. மாப்பிள்ளை ஜனார்த்தனன் கணித ஆசிரியர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு விளையாட்டா?

சம்பந்தம் பேசிவந்த புரோக்கர் சின்னராசா அன்று சொன்னது இன்னும் காதில் இருந்தது. "காணி வேண்டாமாம், நகை உங்கட விருப்பமாம். ஒரு கொம்பியூட்டர் மட்டும் போதுமாம். ஆனா கடையில கிடக்கிறதைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாதாம். இந்தத் துண்டில இருக்கிற சாமானுகளை வாங்கி, ஒண்டாப் பொருத்திப் பூட்டுவிக்க வேணுமாம்."

இங்கிலீசில் பதினொரு வரி. கீழே மாப்பிள்ளையின் தாய், ஓய்வுபெற்ற ஆசிரியை விமலேஸ்வரி, கையொப்பம் மட்டும் வைத்திருந்தார்.

நிறையக் கேட்டிருந்தால் அப்புத்துரை பயந்திருக்கமாட்டார். பத்துக் கேட்பவர்களுக்கு எட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம். ஒன்றே ஒன்று கேட்பவர்களுக்கு எதைக் குறைப்பது? ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பிப் போயிருந்தது. ஒன்று சாதகத்தால், மற்றது வவுனியாவுக்கு வர அனுமதிப் பாஸ் கிடைக்காமல் மாப்பிள்ளை கொழும்போடு நின்றதால். கஜேந்தினிக்கு இருபத்தெட்டு நடக்கிறது.

"பிழை எங்க நடந்தது தம்பி?"

"போர்ட்டின்ர பேர் துண்டில இருக்கு. நீங்கள் வேற வாங்கியிருக்கிறியள்."

பிழை எங்கே நடந்தது என்று அப்புத்துரைக்குத் தெரியும். அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். தொண்ணூற்றாறில் சண்டையால் இடம்பெயரும் வரை இருபத்திரண்டு வருடம் இரணைமடுக் குளத்து வாய்க்கால்களைப் பார்த்தவர். கம்பியோ, கதவோ, பூட்டோ, வந்து இறங்கும் எதையும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். பாரம் இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். சாமான் வாங்கப் போயிருந்த, கொழும்பிலிருக்கும் தங்கச்சியின் மகன் தொலைபேசியில், "மாமா, துண்டில இருக்கிற போர்ட்டும் இருக்கு, இன்னொண்டும் இருக்கு," என்றபோது, "ரண்டையும் தூக்கிப் பார். எது பாரம்?" என்று கேட்டிருந்தார்.

---

வீட்டுக்கு, நெளுக்குளத்துக்கு, சைக்கிளை மிதிக்கும்போதே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அந்தக் கார்ட் இல்லாமலே பூட்டுவிப்பது. கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். சாமானும் சரியாகும், மாப்பிள்ளையும் திருந்துவான்.

"எல்லாம் பூட்டியாச்சோ அப்பா?" படலையைத் திறக்கும்போதே கேட்டாள் கஜேந்தினி. அவள் பின்னேரங்களில் பட்டணத்தில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிப்பவள்.

"ஒரு கார்ட் கிடைக்கேல்லைப் பிள்ளை. அது இல்லாட்டியும் ஓடுமாம்."

"எந்தக் கார்ட்?"

"அது... ஏதோ படத்துக்கு."

கஜேந்தினியின் முகம் விழுந்தது. "ஐயோ அப்பா! அதில்லாட்டி மற்றது எல்லாம் இருந்து என்ன? அவை கேட்டது ஒண்டே ஒண்டு. அதிலயும் குறைச்சால் என்ன நினைப்பினம்?"

"என்னப்பா நீங்கள்," என்று குசினிக்குள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "மாப்பிள்ளை வீட்டுக் காரியத்தில போய்க் கஞ்சத்தனம் பாக்கிறியள். பிள்ளைக்குக் கண் கலங்குது, பாருங்கோ."

உண்மையாகவே கலங்கியிருந்தது. கலியாணத்துக்கு முன்னமே புகுந்த வீட்டின் மேல் இவ்வளவு பற்றா என்று அப்புத்துரை நெகிழ்ந்து போனார். மாப்பிள்ளை கேம் அடிப்பவன் என்பது மட்டும் இவளுக்குத் தெரிந்தால்? சம்பந்தமே வேண்டாமென்று நின்றுவிடுவாள். அவர் அந்த விசயத்தை நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டினார்.

"போர்ட்டை மாத்துறன் பிள்ளை. நீ சாப்பிடு."

இதே பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன் தனக்கொரு கொம்பியூட்டர் வேண்டுமென்று நின்றவள்தான். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏனடி இப்ப? வேணுமெண்டால் போற இடத்தில கேள்," என்று சொல்லி அந்தக் கதையை ஒரே நாளில் முடித்திருந்தார். அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. நல்ல பிள்ளை.

---

சரியான போர்ட், கொழும்பிலிருந்து தவராசாவின் லொறியில் வந்தது. வவுனியா வரவில்லை. இராணுவச் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டது. பெட்டிக்குள் என்ன என்று கேட்டதற்கு, விசயம் தெரியாத தவராசா, "ரேடியோச் சாமான் மாதிரி ஏதோ," என்று சொல்லியிருந்தான்.

அந்த ஒரு வார்த்தைக்காக அப்புத்துரை நாலு மணித்தியாலம் சாவடியின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். வாய்க்குள் பச்சைத் தண்ணீரும் இறங்கவில்லை. உள்ளே கூப்பிட்டதும், கலியாண அழைப்பிதழையும் பதினொரு வரித் துண்டையும் மேசையில் வைத்தார்.

"யார் கேட்டது இது?" என்று அதிகாரி அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"மகளைக் கட்டப்போற வீடு சேர். சீதனம்."

அதிகாரி துண்டைப் படித்தார். பிறகு அப்புத்துரையை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கும் ரெண்டு தங்கச்சி," என்று சொல்லி, பெட்டியைத் தன் கையாலேயே எடுத்து நீட்டினார்.

சதீஸ் போர்ட்டை வெளியே எடுத்து, "ஆ, இதுதான் சாமான்," என்றான். அப்புத்துரை மூச்சு விட்டார்.

"ஆனா ஐயா..."

"என்ன ஆனா?"

"உங்கட புரொசஸர் பழைய போர்ட்டுக்கு எண்டு வாங்கினது. அது கசெட் மாதிரி நிமிந்து நிக்கிற சாதி. இந்தப் போர்ட் கேக்கிறது தட்டையாப் படுக்கிற சாதி."

"படுக்க வைச்சுப் பூட்ட ஏலாதோ?"

சதீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவனுக்கு இரக்க குணம் இருந்தது.

புரொசஸரை மாற்ற ஆறு நாள் போயிற்று. மாற்றிப் பூட்டி, அப்புத்துரை முன்னிலையில் சுவிட்சைப் போட்டபோது, டப் என்று ஒரு சத்தம். ரப்பர் எரிந்த மணம். கீழேயிருந்து, "மேல என்னத்தைக் கருக்கிறியள்?" என்று சாப்பாட்டுக் கடைக்காரர் கத்தினார்.

"பவர் சப்ளை எரிஞ்சு போட்டுது," என்றான் சதீஸ். "இந்தக் கேசிங் பெட்டி எங்க எடுத்தனீங்கள்?"

ஒரு பழைய அரசாங்கக் கந்தோரின் ஏலத்தில் எடுத்தது. தகட்டின் தடிப்பைப் பார்த்து அப்புத்துரை தானே ஆசைப்பட்டு எடுத்தது. இரண்டு பேர் பிடித்துத்தான் மாடிக்கு ஏற்றியிருந்தார்கள்.

"நல்ல இரும்பு தம்பி."

"இரும்பு நல்லதுதான் ஐயா. உள்ளுக்க கிடந்த பவர் சப்ளை கந்தோர் மெசினுக்கானது. கடிதம் அடிக்கிற மெசினுக்கு அது காணும். உங்கட மருமகன்ர மெசின் இழுக்கிற இழுவைக்குத் தாங்காது."

"மருமகன்ர மெசின்" என்ற சொல் அன்று முழுதும் அவரை அரித்தது. அடுத்த நாள் சந்தையில் மரக்கறிப் பையோடு ஜனார்த்தனனைக் கண்டதும், ஒரு தகப்பனாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தார்.

"தம்பி, குறை நினைக்கக்கூடாது. எதுக்கும் ஒரு அளவு வேணும். கன நேரம் குனிஞ்சு கொண்டிருந்தால் கண் பழுதாப் போகும்."

ஜனார்த்தனன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "ஓம் மாமா. அம்மாவும் ஏசுறவாதான். ஆனா தவணை முடிவு, விட ஏலாது. நூற்றிருபது பேப்பர் கிடக்குது."

கேம் அடிப்பதை ஒளிக்கத் திருத்தும் வேலையைச் சாட்டுகிறான் என்று அப்புத்துரை நினைத்தார். வலு கெட்டிக்காரன். பிள்ளையை இவனிடம் கொடுப்பதா? ஆனால் அழைப்பிதழ் அடித்து, சொந்தக்காரருக்குக் கொடுத்து முடிந்துவிட்டது. குடிக்காமல் இருந்தால் சரி.

---

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மெசின் ஓடியது. பத்து வரிக்கும் பென்சிலால் சரி போட்டாயிற்று. மிஞ்சியது பதினோராம் வரி, ஜொய்ஸ்டிக்.

"அது என்ன சாமான்?"

"கேம் அடிக்கேக்குள்ள கையால பிடிக்கிறது ஐயா. பிளேன் ஓட்டுற பிடி மாதிரி. விரல் படுற இடத்தில துப்பாக்கி விசை மாதிரி ஒண்டு இருக்கும்."

அப்படியே இருந்ததாகத் தவராசாவும் பிறகு சொன்னான். சாவடியில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தார்களாம். ஒருவர் பிடித்துப் பார்த்தாராம். விசையை அழுத்தினாராம். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். விசாரிக்க வேண்டும், வைத்துவிட்டுப் போ என்றார்களாம்.

"நான் கேக்கப் போகேல்லை அண்ணை," என்றான் தவராசா. "எனக்கு மூண்டு பிள்ளையள்."

அப்புத்துரை கேட்டுப் போகத் தயாராகத்தான் இருந்தார். மனைவி மறித்தாள்.

"கலியாண அழைப்பைக் கொண்டுபோய், துவக்குப் பிடி மாதிரி ஒண்டு சீதனமாக் கேட்டவை எண்டு சொல்லப்போறியளோ? மாப்பிள்ளையையும் சேத்துத்தான் பிடிப்பாங்கள்."

கஜேந்தினி துண்டை எடுத்துப் பதினோராம் வரியைப் பார்த்தாள். பிறகு, "பரவாயில்லை அப்பா. கீபோர்ட்டிலயும் அடிக்கலாம்," என்றாள்.

"நீ சொல்லுவாய். அவையெல்லோ சொல்லவேணும்."

"அவை ஒண்டும் சொல்லாயினம் அப்பா. நீங்கள் அங்க போகாதேங்கோ. நான் சொல்லுறன், போகாதேங்கோ."

எவ்வளவு பெருந்தன்மையான பிள்ளை என்று அவர் நினைத்தார். தகப்பன் இன்னொருவர் முற்றத்தில் போய்த் தலைகுனிந்து நிற்பதை அவளால் தாங்கமுடியாது. அதற்காகவே போகவேண்டும்.

வேட்டியைக் கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழமும் துண்டும் எடுத்துக்கொண்டு விமலேஸ்வரி ரீச்சர் வீட்டுப் படலையைத் தட்டினார். பெண் பார்த்த அன்று கோயில் வீதியில் கண்டதற்குப் பிறகு அவரைத் தனியாகச் சந்திப்பது இதுதான் முதல்தடவை. அன்றைக்கு ரீச்சரும் கஜேந்தினியும் தேர்முட்டிப் பக்கம் ஒதுங்கி நின்று கனநேரம் கதைத்தார்கள். ரீச்சர் என்ன கேட்டவா என்று அப்புத்துரையின் மனைவி விசாரித்ததற்கு, "சமையல் தெரியுமோ எண்டு கேட்டவா," என்றிருந்தாள் அவள்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. என்ன இந்த வெயிலுக்குள்ள?"

அப்புத்துரை உட்காரவில்லை. "ரீச்சர், ஒரு குறை வந்திட்டுது. மன்னிக்க வேணும்."

"ஐயையோ, என்ன? பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. துண்டில பத்தும் சரி. பதினோராவது வரேல்லை. இந்தக் கலியாணத்தை இதுக்காகக் குழப்பிப்போடாதேங்கோ. தம்பிக்கு ஆசையாத்தான் இருக்கும், எனக்கு விளங்குது. சாவடியில விட்டவுடன நானே கொண்டுவந்து தம்பியின்ர கையில குடுக்கிறன். இது சத்தியம்."

துண்டை நீட்டினார். விமலேஸ்வரி கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்தார். பிறகு அப்புத்துரையைப் பார்த்தார். வாயில் வந்த சிரிப்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கதிரையை அவர் பக்கம் இழுத்து வைத்தார்.

"முதல்ல இருங்கோ அண்ணை. எங்கட ஜனாவுக்கு உந்தப் பெட்டியில சுவிட்ச் எங்க இருக்கெண்டும் தெரியாது. துண்டு உங்கட பிள்ளை எழுதினது, நான் கையெழுத்து மட்டும்தான் வைச்சனான். நீங்கள்தானாம் சொன்னனீங்கள், வேணுமெண்டால் போற இடத்தில கேள் எண்டு. அவா வந்து என்னட்டைக் கேட்டவா."