தனக்குத் தானே சைபர் போட்ட ஸ்பேனர் அண்ணன்

தன்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லத் தெரியாத ஆள் இந்தப் புதுச்சேரியிலேயே ஒருவர்தான். எங்கள் திருவாண்டார்கோயில் பம்பு கம்பெனியின் மெக்கானிக் ஸ்பேனர் அண்ணன்.

குற்றம் அவருடையது மட்டுமல்ல. பழைய முதலாளி வில்லியனூர் கடைவீதிக்காரர். "வேலை தெரியுமா?" என்று கேட்பார். "தெரியும்" என்றவனை வாசலோடு அனுப்பிவிடுவார். "நீங்க சொன்னா செய்யறேன் மொதலாளி" என்றவனுக்குத்தான் வேலை. ஸ்பேனர் அண்ணன் இருபது வருடம் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார். நடுவில் வேறொரு கம்பெனி அதிகச் சம்பளத்துக்கு அவரைக் கூப்பிட்டது. போனவர், "என்னவிட நல்லா செய்யறவங்க ரெண்டு பேரு இருக்காங்க சார்" என்று சொல்லி, அவர்களைச் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

பிறகு ஒரு ஜெர்மன் கம்பெனி எங்களை வாங்கியது. ஒவ்வொருவரும் தன் திறமைக்குத் தானே மார்க் போட வேண்டும், குறைந்தால் வேலை இல்லை என்றார்கள். போன மாதம் சேர்ந்த பையன்கூட எல்லாவற்றுக்கும் நாலுக்கு நாலு போட்டிருந்தான். படிவங்களை வாங்கி அடுக்கும் குமாஸ்தா நான். ஸ்பேனர் அண்ணனுடைய தாளைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொண்டு அவரிடமே ஓடினேன்.

"இன்னாண்ணா இது, எல்லாத்துக்கும் சைபர் போட்டு வெச்சிருக்கீங்க?"

"பின்ன, நானே எனக்கு மார்க் போட்டுக்கறதா? அசிங்கமா இருக்காது?"

"வேலை போயிடும்ண்ணா. பொண்ணு காலேஜ் படிக்குதில்ல?"

"இருவது வருசமா வெச்சிருக்காங்களேபா. வேலை தெரியாமயா வெச்சிருப்பாங்க? அத அவங்க யோசிக்க மாட்டாங்களா?"

கெஞ்சினேன். கடைசியில் மனமிரங்கி ஒரு கட்டத்தைத் திருத்தினார். தரை சுத்தம் செய்தல், ஒன்று.

ஜெர்மன் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, அவரை அனுப்பக் கடிதம் அடிக்கச் சொன்னார். அடித்தேன். கையெழுத்துக்கு நீட்டும்போது மனசு கேட்கவில்லை. மொத்தப் படிவங்களையும் மேஜையில் வைத்து, கடைசிப் பக்கத்தைப் பாருங்கள் என்றேன். 'மெஷின் நின்றால் முதலில் யாரைக் கூப்பிடுவாய்?' என்பது அங்கிருந்த கேள்வி. தமிழ் தெரியாவிட்டாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படாதா? பத்தாவது தாளில் நிறுத்திவிட்டார்.

"யார் இது?"

"நீங்கள் அனுப்பப் போகிறவர்தான் சார்."

கடிதத்தை அவரே கிழித்துப் போட்டார்.

ஓடிப்போய் ஸ்பேனர் அண்ணனிடம் சொன்னேன். "அவசரத்துல வேற பேரு ஞாபகம் வந்திருக்காதுபா அவனுங்களுக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

எனக்கு மெஷினே கிடையாது, ஒரு நாற்காலியும் பிரிண்டரும்தான். என் தாளின் கடைசிப் பக்கத்திலும் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.