யூனிஸ் அம்மாளின் தட்டை நான் எடுத்துச் சென்றது

சேசு மரி சூசை

காக்ஸ் டவுன், பெங்களூர்
ஜனவரி 1999

பிரியமுள்ள ஆம்ப்ரோஸ் மச்சானுக்கு யூஜின் எழுதுவது. ஆவடியில் நீங்கள் எல்லோரும் ஆண்டவர் தயவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் சுகத்துக்குக் குறைவில்லை, எனக்குத்தான் தூக்கமில்லை.

எங்கள் லீனாவுக்கு நீங்கள் சொன்ன வரன் கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன். கெடுத்தவன் நான்.

போன ஞாயிறு பூசை முடிந்து டிரேவரும் அவர் தாயார் யூனிஸ் அம்மாளும் பெண் பார்க்க வந்தார்கள். பையனை லீனாவுக்குப் பிடித்துவிட்டது; காபியை வைத்துவிட்டு உள்ளே ஓடாமல் இந்த முறை அங்கேயே நின்றாள். இதுவரை வந்து போனவர்களுக்குப் பலகாரம் சுட்டுச் சுட்டு உங்கள் தங்கைக்கும் தெம்பு போய்விட்டது. ஆகவே வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். யூனிஸ் அம்மாள்தான், "காலேஜ்ல என்ன பாடம் எடுத்தீங்க, சார்?" என்றார். மரியாதைக்குக் கேட்ட கேள்வி. பிசிக்ஸ் என்று நிறுத்தியிருக்கலாம். குவாண்டம் புலக் கோட்பாடு என்று சொல்லிவிட்டேன். "அப்படின்னா?" என்றார். மச்சான், என் வகுப்பில்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அதில் இரண்டு செயலிகள் (ஆபரேட்டர்கள்) உண்டு, ஆக்கச் செயலி ஒரு துகளைச் சேர்க்கும், அழிப்புச் செயலி ஒன்றை எடுக்கும் என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தில் தெளிவு வராததால் (நான் சொல்வது தெளிவாக இருக்கிறதா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு) அவர் தட்டையே உதாரணமாகக் கொண்டேன். அதில் ஒரே ஒரு அச்சுமுறுக்கு மீதியிருந்தது. அதை எடுத்தேன். "இப்ப தட்டு காலி. ஆனா காலித் தட்டும் ஒரு நிலைதாம்மா. இதுலேருந்து இன்னொண்ணு எடுக்கப் பார்த்தா, தட்டே இருக்காது, வெறும் பூச்சியம்" என்று சொல்லி, தட்டையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். உங்கள் தங்கை பார்த்துவிட்டு, "பொண்ணு பார்க்க வந்தவங்க தட்டைப் பிடுங்கிட்டு வந்தீங்களா? சம்பந்தம் வேணாம்னு சொன்ன மாதிரி ஆச்சே!" என்றாள். திரும்பிப் போகத் தைரியம் வராமல் அடுப்பு மேடையோரம் நின்றேன். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து லீனா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு வேளையில் என் முன்னால் காலித் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள்.

தயவுசெய்து அவர்களுக்குப் போன் செய்யுங்கள். முதலில் மன்னிப்பு, பிறகு தேதி, வரிசை மாறக்கூடாது. இந்தச் செயலிகளும் அப்படித்தான். காலித் தட்டில் ஒன்றைச் சேர்த்துவிட்டு எடுத்தால் தட்டாவது மிஞ்சும், எடுத்துவிட்டுச் சேர்க்கப் போனால் அதுவும் மிஞ்சாது. மன்னியுங்கள், மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

மாதாவின் காவல் உங்கள் வீட்டில் எல்லோர் மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
யூஜின்

பி.கு.: உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டி அருகே யூனிஸ் அம்மாள் எதிரே வந்துவிட்டார், ஒளிய இடமில்லை. "என்ன சார், ஏதோ பாடம் சொல்லிக்கிட்டே தட்டை எடுத்துட்டுப் போனீங்க. இன்னும் முறுக்கு போட்டுக் கொண்டுவருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், வரவே இல்லையே! சரி, கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை எப்ப வாசிக்கச் சொல்லலாம்?" என்றார். ஆகவே மச்சான், போன் செய்ய வேண்டாம். மன்னிப்பு கேட்டால் தட்டை எதற்கு எடுத்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தபால்தலை ஒட்டிவிட்டதால்தான் இதை அனுப்புகிறேன். வரும் ஞாயிறு மறுபடி வருகிறார்கள். முறுக்கு வேகிறது. தட்டு லீனாவின் பொறுப்பு. என்னை அதன் பக்கமே விடுவதில்லை.