படத்தில் இருபத்துமூன்று மைல்

சாத்தான்குளம்,
1912ஆம் வருஷம் மார்ச் மாதம் 14ஆம் தேதி.

தூத்துக்குடியில் வாசம்பண்ணும் மகா கனம் பொருந்திய அத்தான் ஞானையா அவர்களுக்கு, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதிக்கும் உங்கள் தங்கை புருஷன் இஸ்ரவேல் மிகுந்த வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்களும் இரண்டு மாடுகளும் கர்த்தருடைய கிருபையால் உயிரோடிருக்கிறோம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

'இன்பமணிக்குப் பிரசவ நேரம், ஜெபிக்கவும்' என்று திங்கட்கிழமை நான் அடித்த தந்தியைப் பார்த்துப் பதறியிருப்பீர்கள். பதற்றத்தை விடுங்கள். நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, மகள் நன்றாக நடமாடுகிறாள். அவளைக் கண்டதும் வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும் என்று உங்கள் தங்கை சாலோமி இரண்டு மாதமாய்ச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பள்ளிக்கூடத்து ஜில்லாப் படத்தில் நூல் பிடித்து அளந்து, மகள் வாழ்க்கைப்பட்ட சாத்தான்குளம் இருபத்துமூன்றே மைல், ஒரு பகல் பயணம், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வரும்போது, "இந்த மாசம் பதினாறாந் தேதின்னு மருத்துவச்சி சொல்லியிருக்காளாம்" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் பிரசவத்தில் தாய் பக்கத்திலில்லாமல் என் மகள் தனியே கிடப்பதா? மறுநாள் தந்தியடித்துவிட்டு வண்டிக்காரன் பாபநாசத்தின் மாட்டுவண்டியில் புறப்பட்டோம், என் நூல் நேராகப் போன இடத்தில் சாலை வளைந்து வளைந்து போனது, மத்தியானமாகியும் பாதி தூரம் தாண்டவில்லை, பொறுக்காமல் திசைகாட்டியை எடுத்து வண்டியைச் சாலையை விட்டு இறக்கி நேரே ஓட்டச் சொன்னேன், ஒரு குளம் வந்தது, சுற்றினோம், உடைமுள் வேலி வந்தது, அதையும் சுற்றினோம், பிறகு தேரி வந்து அந்தச் செம்மணலில் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன், மாடுகள் திரும்பி என்னையே பார்க்கின்றன.

"ஐயா, ஒங்க படத்துல இந்த மணலு கெடக்கா?" என்று பாபநாசம் கேட்டான்.

"காக்கா பறக்குத வழி இதுதாம்லே" என்றேன்.

"அப்பம் காக்காவையில்லா பூட்டியிருக்கணும். மாட்டை எதுக்குப் பூட்டுனிய?" என்றாள் சாலோமி.

வந்த வழியே திரும்பிச் சாலையைப் பிடித்து, நேற்று புதன்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தோம். நாற்பத்தொரு மைல் ஓடியிருக்கும் என்கிறான் பாபநாசம். இனி எந்த ஊருக்கும் படத்தைப் பார்த்துத் தூரம் சொல்லமாட்டேன் அத்தான். இன்றோ நாளையோ என்றிருக்கும் மகளை வண்டியில் குலுக்கக்கூடாது என்பதால் பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்று முடிவுசெய்து, பள்ளிக்கூடத்துக்கு லீவும் எழுதிவிட்டேன். அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் கர்த்தர் நம் எல்லாரையும் சுகத்தோடு கூட்டிச் சேர்ப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
இஸ்ரவேல்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் மகளிடம் விசாரித்தேன். மருத்துவச்சி குறித்த நாள் ஏப்ரல் மாதம் பதினாறாம் தேதி. சாலோமியைக் கேட்டால், "இந்த மாசம்னு சொல்லலேன்னா நீங்க பொறப்பட்டிருக்கவா போறிய?" என்கிறாள். ஆகையால் லீவு வேண்டாம், ஜெபத்தையும் ஒரு மாதம் கழித்து ஆரம்பித்தால் போதும். மகளை ஏற்றிக்கொண்டு நாளைக்கே ஊர் திரும்புகிறோம். வழியைச் சாலோமி சொல்வாள்.