மின்மூக்கும் துபாய் சென்ட்டும்

படித்த திமிரோடு புது மாப்பிள்ளை மிடுக்கும் சேர்ந்துவிட்டால் ஒருவனை யாராலும் காப்பாற்ற முடியாது. எனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன.

காற்றை முகர்ந்தே நண்டு கெட்டுவிட்டதா என்று சொல்லும் மின்மூக்கு ஒன்றை ஆராய்ச்சிக்காகச் செய்திருந்தேன். பச்சை விளக்கு எரிந்தால் நல்ல சரக்கு, சிவப்பு என்றால் கெட்டது. சிவப்பு வந்ததும் கணினியே அன்றைய உற்பத்தித் திட்டத்தை மாற்றி, வாங்குபவருக்கும் லாரிக்கும் செய்தி அனுப்பிவிடும். ‘அனுப்பவா?’ என்று ஆளைக் கேட்கும் பொத்தானை நானே நீக்கியிருந்தேன். (‘மனிதத் தலையீடற்ற திட்டமிடல்’ என்று ஆய்வேட்டில் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தேன்.)

முதல் சோதனை மண்டபம் என்ற கடலோர ஊரில், என் மாமனாரின் நண்டுக் கம்பெனியில். அன்றுதான் கொச்சி ஏற்றுமதிக்காரருக்கு அவருடைய முதல் சரக்கு போகிறது. பிடித்துப்போனால் வருடம் முழுக்க ஆர்டர். மாமனார் முன்னால் நிற்கப் போகிறோமே என்று, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட்டைக் கழுத்து முதல் கைக்குட்டை வரை தாராளமாக அடித்துக்கொண்டேன்.

முதல் பெட்டியின் மேல் குனிந்து கருவியை நீட்டினேன். சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. எல்லாமே சிவப்பு.

“காலையில கரைக்கு வந்த நண்டு, மாப்புள,” என்றார் மாமா பாவமாக.

“மனுஷ மூக்கு ஏமாத்தும் மாமா. மெஷின் ஏமாத்தாது,” என்றேன். இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

அதற்குள் மாமாவின் போன் அடித்தது. வந்துகொண்டிருந்த லாரி உச்சிப்புளியிலேயே திரும்பிவிட்டதாம்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி நசீமா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். “ஏங்க, அந்த மெஷின இங்கன வச்சிட்டு நீங்க வாசலுக்குப் போங்க.”

போனேன். சற்று நேரத்தில் பச்சை எரிந்தது. திரும்பி வந்தேன், சிவப்பு. (சென்ட்டில் இருக்கும் ஆல்கஹாலைக் கருவி கெட்ட வாடையாக எடுத்துக்கொண்டது. இது எங்கள் துறையில் முதல் வருட மாணவனுக்கே தெரியும்.)

மாமா உடனே கொச்சிக்குப் போன் போட்டார். “நண்டு நல்லாத்தாங்க இருக்கு. அது என் மருமகன் வாடை!” என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்?

போனை வைத்துவிட்டு மாமா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“மெஷின் மேல குத்தமில்ல மாப்புள,” என்றார். “கெட்டுப்போனது எதுன்னுதான் நமக்கு வெளங்கல.”

கொச்சி ஆர்டர் கடைசிவரை வரவில்லை. பொத்தானைத் திரும்ப வைத்துவிட்டேன், சென்ட்டைத் தொடுவதே இல்லை. ஆனாலும் இன்றும் அந்த வீட்டு விருந்தில் நண்டுச் சட்டி அடுப்பைவிட்டு இறங்கியதும் அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் வரும்:

“மாப்புளயக் கொஞ்சம் வாசல்ல நிக்கச் சொல்லுங்க, நண்டு வருது!”