சுறா கேட்ட ஜெர்மானியர்கள்

ஏழு வருடப் பத்தியத்தை இந்தக் கோடையோடு முடித்துக்கொள்வது என்று நான் முடிவெடுத்தேன். எடுத்தபோது என் மனைவி ஹல்லா வீட்டில் இல்லை. என் முக்கியமான முடிவுகளையெல்லாம் அவள் வெளியே போயிருக்கும்போதுதான் எடுப்பது வழக்கம்.

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே முப்பது வீடுகள் உள்ள ஊர் எங்களுடையது. மாடி அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். சமையல் ஹல்லா. கடிதப் போக்குவரத்து நான்.

பத்தியம் என்றது சுறா தின்னாமல் இருந்ததை. புளிக்கவைத்து, நாலு மாதம் கொட்டகையில் தொங்கவிட்ட சுறா. ஒரு துண்டு வாயில் போட்டால் அடைத்த மூக்கு திறக்கும். திறந்த மூக்கு அடைக்கும். ஹல்லா அதை வீட்டுக்குள் விடமாட்டாள். அது நாற்றம் என்பது அவள் கட்சி. மணம் என்பது என் கட்சி. தீர்ப்பு சொல்வதும் அவளே என்பதால் ஏழு வருடமாக நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து டீட்மார் என்பவர் எழுதியிருந்தார். அவரும் மனைவி உர்சுலாவும் ஜூனில் வருகிறார்களாம். எங்கள் நாட்டின் இயற்கை, உணவு, கலாச்சாரம் மூன்றையும் அனுபவிக்க வேண்டுமாம். கடிதம் ஜெர்மன் மொழியில் இருந்தது. நான் இரண்டு வருடம் ஹாம்பர்க்கில் மீன் இறக்கியவன். ஹல்லாவுக்கு ஜெர்மன் தெரியாது. இப்படி ஒரு வாய்ப்பு ஒரு கணவனுக்கு அடிக்கடி வராது.

உரக்கப் படித்து மொழிபெயர்த்தேன். கடைசியில் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்.

"புளிக்கவைத்த சுறாவைச் சாப்பிடாமல் நாங்கள் நாடு திரும்ப மாட்டோம்."

"அப்படியா எழுதியிருக்காங்க?"

"அடிக்கோடு போட்டு எழுதியிருக்காங்க."

"பாவம், நல்ல மனுஷங்க மாதிரி இருக்காங்க" என்றாள். "சரி, வாங்கிட்டு வா."

பக்கத்து வீட்டு ஸ்குலியிடம் ஓடினேன். சுறா போடுவதில் எங்கள் ஊரில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"என்னடா கெட்டில், ஹல்லா ஊர்ல இல்லையா?"

"அவளே வாங்கிட்டு வரச் சொன்னா."

"கெட்டுப்போனதைத் திங்கணும்னுதான் உனக்குக் கெட்டில்னு பேரே வச்சாங்க போல" என்று சொல்லி, ஒரு பெட்டி நிறையக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஹல்லா பெட்டியை வாங்கிக் கொட்டகையில் வைத்துப் பூட்டினாள்.

"ஒரே ஒரு துண்டு, ருசி பாக்க..."

"விருந்தாளி வாயில வைக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரன் வைக்கிறதா? நல்லாருக்கு!"

பொறுத்தேன். ஏழு வருடம் பொறுத்தவனுக்கு ஏழு நாள் என்ன?

மூன்றாம் நாள் வெந்நீர்க் குளத்தில் ஊர்வம்பு பேசிவிட்டுத் திரும்பினேன். ஹல்லா காபி ஊற்றியபடி சொன்னாள்.

"அந்த ஜெர்மன்காரங்க போன் பண்ணாங்க."

"உனக்குத்தான் ஜெர்மன் தெரியாதே?"

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமே. உணவு சரி, இயற்கைக்கும் கலாச்சாரத்துக்கும் என்ன ஏற்பாடுன்னு கேட்டாங்க. காலையில ஏழு மணிக்கு வீட்டுக்காரர் கடல்ல இறங்கிக் குளிக்கிறதைப் பாக்கணுமாம்."

"என்னது?"

"கரையேறினதும் எங்கம்மா பின்னின கம்பளிச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஒரு பழைய பாட்டுப் பாடணுமாம்."

"அந்தச் சட்டை குத்தும்!"

"கலாச்சாரம்னா கொஞ்சம் குத்தத்தான் செய்யும்."

எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் 'அப்படியெல்லாம் கேட்டிருக்க மாட்டார்கள்' என்று எந்த வாயால் சொல்வது? அடிக்கோடு போட்ட வாய் அது.

விருந்தாளிகள் வந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் கடலில் இறங்கினேன். ஜூன் மாதம்தான். கடலுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. முழங்கால் வரை எனக்குக் கால் இருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு தெரியவில்லை. கரையேறிச் சட்டையை மாட்டிக்கொண்டு பாடினேன். பல் அடித்துக்கொண்டதில் தாளம் பிசகவில்லை. மாடி ஜன்னலில் டீட்மாரும் உர்சுலாவும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மூன்று நாள் தங்கினார்கள். மூன்று நாளும் இறங்கினேன்.

கடைசி நாள் மதியம் சுறா மேசைக்கு வந்தது. டீட்மார் ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. உர்சுலா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். நான் மெல்லத் தட்டை என் பக்கம் இழுத்தேன்.

"இதுக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க" என்றாள் ஹல்லா அவர்களிடம். தட்டில் இருந்ததையும் பெட்டியில் கொட்டி, கயிறு கட்டி, அவர்கள் காரில் தன் கையாலேயே ஏற்றினாள். மரியாதை தெரிந்தவர்கள். மறுக்கவில்லை.

கார் கிளம்பும் முன் டீட்மார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் தினமும் இப்படிக் குளிப்பீர்களா? உங்கள் மனைவி சொன்னபோது நாங்கள் நம்பவே இல்லை."

"நீங்கள்தானே போன் செய்து கேட்டீர்கள்?"

"நாங்களா? இல்லையே!"

உள்ளே போனேன்.

"ஹல்லா, அவங்க போன் பண்ணிக் கேட்டாங்கன்னு சொன்னியே?"

"அவங்க சுறா கேட்டாங்கன்னு சொன்னியே?"

"அது... ஜெர்மன் உனக்கு..."

"எனக்குத் தெரியாது. என் போனுக்குத் தெரியும். கடிதத்து மேல காட்டினா வரி வரியா சொல்லுது. அடிக்கோடு மட்டும் அதுக்குத் தெரியல."

சாயங்காலம் ஸ்குலி வந்தான். மலை வளைவில், சாலையோரம், தன் பெட்டி திறந்து கிடந்ததாம். சுற்றிலும் நரிகளாம். அவை மட்டும் மனம் நிறைந்து சாப்பிட்டதாகச் சொன்னான்.

பத்து நாள் கழித்து ஹல்லா கணினி முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்டைப் பத்தி டீட்மார் பிரமாதமா எழுதியிருக்கார், கெட்டில். செப்டம்பர் வரைக்கும் அறை காலி இல்ல."

எனக்கு நாக்கு ஊறியது. "சுறாவுக்காகவா வர்றாங்க?"

"சுறாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஏழு மணிக்குக் கடல்ல இறங்குவாராமே ஒருத்தர், அவருக்காக."

இதோ, இன்றும் காலை மணி ஏழாகிவிட்டது. மாடி ஜன்னலில் நாலு பேர் காத்திருக்கிறார்கள்.