வெர்லினின் வெட்டுப்படாத சட்டை

மனிதகுலம் எத்தனையோ மாவீரர்களைப் பெற்றிருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மான் வேட்டைக்குப் போய், ஒரு தடவைகூடக் குறி தவறாத மாவீரரைப் பெறும் பாக்கியம், பென்சில்வேனியாவின் வடக்கு மலைக்காட்டில் உள்ள ஒரே ஒரு வேட்டைக் குடிலுக்குத்தான் வாய்த்தது. அவர் பெயர் வெர்லின் ஹோஸ்டெட்டர். தொழில், வீட்டுக் கூரைக்கு ஓடு விற்பது. மற்றபடி அவர் ஒரு "மரபு வேட்டைக்காரர்". ஓரமெல்லாம் குஞ்சம் தொங்கும் அவருடைய மான்தோல் கோட்டு இருநூறு வருடப் பழமை வாய்ந்தது போல இருக்கும். இணையத்தில் ஆர்டர் செய்து மூன்றே நாளில் வந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களின் பருவம் தொடங்கும். குழாயின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டைத் துணியில் பொதிந்து, கோலால் கெட்டிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து. கல் தட்டிப் பொறி பறந்தால் கிண்ணம் பற்றும். கிண்ணத்திலிருந்து நெருப்பு உள்ளே போனால் வெடிக்கும். தோட்டா போட்டுச் சுடுகிறவர்களை வெர்லின் "பொத்தான் அமுக்கிகள்" என்றே அழைப்பார்.

குடிலுக்கு ஒரு சட்டம் உண்டு. மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டையின் பின்பக்கம் தொங்கும் வால்துண்டைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். லாரி ஓட்டும் ஆர்லன் ரேபரின் துண்டுகள் மட்டும் பதினொன்று தொங்கின. கத்தரிக்கோலை வைத்திருக்கும் அதிகாரம், சட்டை வெட்டுப்படாதவருக்கே. அதாவது வெர்லினுக்கே. வெட்டுவதற்கு முன் சிற்றுரையும் உண்டு: "பதற்றம், நண்பர்களே! எல்லாம் பதற்றம்!" அந்தக் கத்தரிக்கோல் போய்விட்டால் தன்னிடம் மிஞ்சுவது கூரை ஓடுதான் என்பது வெர்லினுக்கு நன்றாகவே தெரியும்.

இந்த வருடம் அவர் மனைவியின் தங்கை டோரீன் வேட்டை பழக வந்தாள். பனி கொட்டிக் கிடந்த ஓடைக்கரையில், தாமே இயற்றிய "பதினான்கு படி கெட்டிப்பு நடைமுறை"யை வெர்லின் அவளுக்கு விளக்கினார்.

"மூணாவது படிதான் உயிர்நாடி. மருந்து! இதுல கோட்டை விட்டவன் எல்லாத்துலயும் கோட்டை விட்டான்."

"சரி அத்தான். இதுவரைக்கும் நீங்க எத்தனை மான் அடிச்சிருக்கீங்க?"

"எண்ணிக்கையா முக்கியம்? ஒழுக்கம்மா, ஒழுக்கம்!"

மூன்றாம் படியின் மகத்துவத்தைப் பத்து நிமிடம் விளக்கிய வெர்லின், அதே வேகத்தில் நேராக நான்காம் படிக்குத் தாவி, குண்டைக் கெட்டித்துவிட்டார்.

சற்று நேரத்தில் இருபதடி தூரத்தில் ஒரு கலைமான் வந்து நின்றது. டோரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியே இல்லை. வெர்லின் குறிபார்த்து விசையை இழுத்தார். கிண்ணத்தில் புஸ்ஸென்று புகை. அவ்வளவுதான். மான் காதை ஆட்டியது. மறுபடி கிண்ணத்தில் மருந்து. மறுபடி புஸ். மூன்றாவது தடவை மான் இரண்டடி கிட்டே வந்து பார்த்தது.

"அத்தான், நான் சுடட்டுமா?" என்று கேட்டு, டோரீன் தன் துப்பாக்கியால் சுட்டாள். குண்டு ஒரு மரத்தில் போய்த் தைத்தது. மேற்படி மான் நிதானமாக ஓடை தாண்டிப் போனது.

மத்தியானம் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் ஆனபின் குடிலில் நீதிமன்றம் கூடியது. டோரீன் தானே திரும்பி நின்று சட்டையை நீட்டினாள். "பேரைப் பெருசா எழுதுங்க. தங்கச்சி வால்னு அக்காவுக்குப் போட்டோ அனுப்பணும்."

"பதற்றம், நண்பர்களே..." என்று வெர்லின் தொடங்கினார்.

"அது சரி, அத்தான் மூணு தடவை புஸ்ஸுன்னு விட்டாரே, அதுக்கு என்ன சட்டம்?" என்றாள் டோரீன்.

ஆர்லன் கோலை எடுத்து வெர்லினின் துப்பாக்கிக் குழாயில் விட்டுப் பார்த்தார். குண்டு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

வெர்லின் தொண்டையைச் செருமினார். "விதி மூன்று. குண்டு குழாயை விட்டு வெளியேறி, மான்மேல் படாது போனால்தான் 'தவறல்' ஆகும். வெளியேறவில்லை. ஆகவே தவறவில்லை!"

"விதி சரிதான். எழுதினதும் இவர்தான்," என்று ஆர்லன் விடுதலை வழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு வெர்லின் வெட்டிக் கொடுத்த டோரீனின் துண்டை வாங்கிக்கொண்டு, அவரை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுவரில் ஆணியடிக்கக் கும்பலாகப் போனார்கள். அங்கே ஒரே சிரிப்பு. கையில் கத்தரிக்கோலோடு தனியே நின்ற வெர்லினுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னோடதையும் வெட்டுங்கப்பா," என்றார்.

"எதுக்கு? நீதான் சுடவே இல்லையே."

"அதான் ஆர்லன். இருபத்திரண்டு வருஷத்துல ஏழு மான் கிட்ட வந்துச்சு. ஏழையும் விட்டுட்டேன். காத்து சரியில்லைன்னு உங்ககிட்ட சொன்னேன்."

"காத்து சரியில்லையா?"

"காத்தெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. சுட்டுத் தவறிட்டா சட்டை போயிடுமேன்னு பயம்."

ஆர்லன் சுவரில் தொங்கிய தன் பதினொரு துண்டுகளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு வெர்லினின் முழுச் சட்டையைப் பார்த்தார்.

"அடப்பாவி! சுட்டவன் சட்டையெல்லாம் சுவத்துல தொங்குது. துப்பாக்கியே வெடிக்காத நீயாடா இத்தனை வருஷமா எங்களுக்கு நீதிபதி?"